வீட்டைச் சீரமைக்க எந்தக் கடன் வாங்கலாம்?

மொட்டைமாடி ஒழுகுகிறது, வயரிங் முப்பது வருஷப் பழசு, குளியலறையை மாற்றியாக வேண்டும், மாடியில் ஓர் அறை எழுப்ப வேண்டும். கையிலிருப்பது போதாது என்று வங்கிக்குப் போனால் முதலில் சொல்வது வட்டி விகிதத்தைத்தான். நாமும் அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு நாலு இடத்தில் விசாரிக்கிறோம். ஆனால் கடனுக்கு நாம் கொடுக்கப்போகும் விலையில் பாதியைத்தான் அந்த எண் சொல்லும். எத்தனை ஆண்டு கட்டப்போகிறோம், பணம் கைக்கு வருமுன் என்னென்ன செலவு, எதை ஈடு வைக்கிறோம் என்பவற்றில் இருக்கிறது மீதி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தேவை 5 லட்சம். தனிநபர் கடனில் 13% வட்டி, 5 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 11,377 ரூபாய்; மொத்த வட்டி சுமார் 1,82,600. வீட்டை ஈடாக வைத்து 9 சதவீதத்தில் அதே 5 ஆண்டுக்கு வாங்கினால் தவணை 10,379. வட்டி சுமார் 1,22,750. அதே 9% கடனை 15 ஆண்டுக்கு இழுத்தால் தவணை 5,071 ஆகக் குறைந்து மனதுக்கு இதமாக இருக்கும். மொத்த வட்டியோ 4,12,800. அதாவது வட்டி விகிதம் குறைவான கடன், விகிதம் அதிகமான கடனைப்போல இரண்டேகால் மடங்கு பணத்தை வாங்கிக்கொள்கிறது.

ஆகவே முதல் விதி: செய்யும் வேலை எத்தனை ஆண்டு தாங்குமோ அதைவிட நீண்ட கடன் வேண்டாம். வெளிச்சுவர் பெயின்ட் ஐந்தாறு வருஷத்தில் வெளுத்துவிடும். அதற்கு 15 ஆண்டுக் கடன் வாங்கியவர், முதல் பூச்சுக்கான தவணை முடிவதற்குள் இன்னும் இரண்டு முறை பெயின்ட் அடித்திருப்பார். மாடியில் அறை எழுப்புவது வேறு. அதற்கு நீண்ட தவணை நியாயமே.

எஸ்டிமேட் இல்லாமல் கடன் பேச்சு எடுக்காதீர்கள்

பழைய வீட்டு வேலையில் கணக்கு தவறுவதற்குக் காரணம் பெரும்பாலும் விலைவாசி அல்ல, உள்ளே இருப்பது தெரியாததுதான். டைல்ஸ் மட்டும் மாற்றலாம் என்று குளியலறையை உடைப்பார்கள்; சுவருக்குள் ஜிஐ எனப்படும் பழைய இரும்பு பைப் துருப்பிடித்து அடைத்துக் கிடக்கும். அதை சிபிவிசி எனப்படும் பிளாஸ்டிக் பைப்பாக மாற்ற வேண்டும், பக்கத்துச் சுவரையும் உடைக்க வேண்டும், திரும்பப் பூச வேண்டும். கூரையிலும் அப்படித்தான். அடிப்பக்கப் பூச்சைச் சுத்தியலால் தட்டினால் 'டொக் டொக்' என்று பொள்ளலாகக் கேட்கும் இடங்களில் கம்பி துருப்பிடித்து வீங்கி, கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அங்கே மேலே வாட்டர்புரூஃப் பெயின்ட் அடித்துப் பயனில்லை. காரையைக் கம்பி தெரியும் வரை கொத்தி, துருவைத் தேய்த்து எடுத்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். மாடித் தளத்தில் தண்ணீர் வடிய வாட்டம் சரியில்லை என்றால் தட்டோடு பெயர்த்து மறுபடி போட வேண்டியிருக்கும். எழுபதாயிரம் ரூபாய் வேலை இரண்டு லட்சம் ஆவது இப்படித்தான்.

பாதி வேலையில் பணம் தீர்ந்தால் எடுக்கும் இரண்டாவது கடன் எப்போதும் மோசமான கடனாக இருக்கும். அவசரத்தில் எடுப்பது, அதிக வட்டிக்கு எடுப்பது. அதைத் தவிர்க்க, விண்ணப்பிக்கும் முன்பே சந்தேகமான ஓரிடத்தில் சிறிதளவு உடைத்துப் பார்த்துவிடுங்கள். என்ஜினியரிடம் வேலைவாரியாக, சதுர அடிக் கணக்கோடு எஸ்டிமேட் வாங்குங்கள். வீட்டை ஈடாக வைக்கும் கடனுக்கு வங்கியும் இதைக் கேட்கும். மேஸ்திரி துண்டுச்சீட்டில் எழுதித் தரும் மொத்தத் தொகை வங்கியில் செல்லாது. மொத்தத்துக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் எதிர்பாராத செலவுக்கு ஒதுக்குங்கள்.

எந்தெந்தக் கடன், யாருக்கு

வீட்டுச் சீரமைப்புக் கடன் என்ற பெயரிலேயே வங்கிகளும் வீட்டுவசதி நிதி நிறுவனங்களும் தருவது வீட்டை ஈடாக வைக்கும் கடன். தரை, பூச்சு, பெயின்ட், பிளம்பிங், வயரிங், கூரைக் கசிவு, காம்பவுண்டுச் சுவர் போன்ற வேலைகள் இதில் அடங்கும். சுவரோடு பொருத்திய அலமாரி, மாடுலர் கிச்சன் சேரும். கட்டில், சோபா, ஃபிரிட்ஜ் சேராது. தூக்கிக்கொண்டு போக முடிந்தால் அது வீட்டு வேலை இல்லை என்பது வங்கியின் கணக்கு. கூடுதல் அறை, கூடுதல் மாடி என்றால் அது விரிவாக்கக் கடன். அதற்கு அனுமதி பெற்ற வரைபடம் வேண்டும். ஏற்கெனவே இருக்கும் முதல் மாடியே வரைபடத்தில் இல்லாமல் கட்டியதாக இருந்தால் மதிப்பீட்டாளர் அதை எழுதிவிடுவார், விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடலாம்.

இந்தக் கடனில் பணம் பெரும்பாலும் ஒரே தடவையில் வராது. வேலை நடந்த அளவுக்குப் பகுதி பகுதியாக விடுவிப்பார்கள். இதில் ஒரு நன்மை உண்டு: எடுத்த தொகைக்கு மட்டும்தான் வட்டி. எதிர்பாராத செலவுக்கான 20 சதவீதத்தை அனுமதியில் சேர்த்து வாங்கி, தேவைப்படாவிட்டால் எடுக்காமலே விட்டுவிடலாம். சிக்கலும் உண்டு. மேஸ்திரி முன்பணம் கேட்பார். வங்கி வேலை முடிந்த போட்டோவும் பில்லும் கேட்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் கையில் ஒரு கட்டத்து வேலைக்கான ரொக்கம் இல்லையென்றால் ஆள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார். இன்னொன்று: முழுத் தொகையும் விடுவிக்கும் வரை பல இடங்களில் வட்டி மட்டும்தான் வாங்குவார்கள், அசல் குறையாது. வங்கி விடுவிக்கும் கடைசிப் பகுதித் தொகையை எடுக்காமல் வேலையை முடித்துக்கொண்டால், 'இத்துடன் போதும், முழுத் தவணையைத் தொடங்குங்கள்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டால் மாதக்கணக்கில் வட்டி மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

வீட்டுக்கடன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் முதலில் கேட்க வேண்டியது டாப்-அப், அதாவது அதே வங்கியில் அந்தக் கடனுக்கு மேல் வாங்கும் கூடுதல் கடன். பத்திரம் அவர்களிடமே இருக்கிறது, சட்ட ஆய்வு ஒருமுறை முடிந்துவிட்டது, தவணை கட்டிய வரலாறும் கண்முன் இருக்கிறது. அதனால் வேகமாகக் கிடைக்கும், வட்டியும் வீட்டுக்கடனை ஒட்டியே இருக்கும். கவனிக்க வேண்டியது காலம். டாப்-அப்பைப் பழைய கடனின் மீதிக் காலத்துக்கே, சமயத்தில் 15, 18 ஆண்டுக்கு, போட்டுவிடுவது வழக்கம். தனியாக 5 அல்லது 7 ஆண்டு என்று கேட்டு வாங்குங்கள். கொடுக்க மாட்டோம் என்றால் நீண்ட காலத்துக்கு வாங்கி, முன்கூட்டியே கட்டிக்கொண்டே வரலாம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கும் இத்தகைய கடனுக்கு முன்கூட்டிக் கட்டும் கட்டணம் வசூலிக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருவதில்லை.

சொத்து அடமானக் கடன் என்று தனியாக ஒன்று உண்டு. எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்பதால் வட்டி சீரமைப்புக் கடனைவிட அதிகம். வீட்டு வேலைக்குத்தான் என்றால் இதைத் தேடிப் போக வேண்டியதில்லை. விற்பனை அதிகாரி இதைத் தள்ளிவிடப் பார்த்தால், சீரமைப்புக் கடனாக ஏன் போடக்கூடாது என்று கேளுங்கள்.

தனிநபர் கடனில் ஈடு இல்லை, பத்திரம் கேட்க மாட்டார்கள், ஓரிரு நாளில் பணம் வந்துவிடும். வட்டி அதிகம், பெரும்பாலும் நிலையான வட்டி, காலம் குறைவு, முன்கூட்டி முடித்தால் கட்டணம் இருக்கலாம். எடுத்த அன்றிலிருந்து முழுத் தொகைக்கும் வட்டி ஓடும்; பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு நல்ல நாள் பார்த்திருந்தால் அந்த நாட்களுக்கும் வட்டிதான்.

பூர்வீக வீடு, பட்டா இன்னும் காலமான அப்பா பெயரில், பாகப் பிரிவினை ஆகவில்லை என்பவர்களுக்கு வீட்டை ஈடாக வைக்கும் வழி இப்போதைக்கு அடைபட்டதுதான். வாரிசுச் சான்று, எல்லோர் கையெழுத்துடன் பாகப் பிரிவினை அல்லது விடுதலைப் பத்திரம், பட்டா மாற்றம் என்று முடித்த பிறகே அது திறக்கும். மழைக்கு முன் கூரையைச் சரிசெய்தாக வேண்டும் என்றால் தனிநபர் கடனோ நகைக்கடனோதான் மிஞ்சும்.

நகைக்கடன் நம் வீடுகளில் மிகவும் பழகிய வழி. பழகியதாலேயே கணக்குப் பார்க்காமல் போகிறோம். வட்டி தனிநபர் கடனைவிடக் குறைவாகக் கிடைக்கும், வருமானச் சான்றுக்கு அலைச்சல் குறைவு. ரிசர்வ் வங்கியின் 2025-ஆம் ஆண்டு விதிகள்படி, 2026 ஏப்ரல் 1 முதல் 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85%, அதற்கு மேல் 5 லட்சம் வரை 80%, அதற்கும் மேல் 75% என்பது உச்சவரம்பு. மதிப்பு என்பது தங்கத்தின் மதிப்பு மட்டும். கல்லும் செய்கூலியும் கணக்கில் வராது. அசலையும் வட்டியையும் கடைசியில் மொத்தமாகக் கட்டும் வகையில், முடிவில் சேரப்போகும் வட்டியையும் சேர்த்துத்தான் அந்த வரம்பு கணக்கிடப்படும். அதனால் கையில் வரும் தொகை இன்னும் குறையும். காலமும் ஓராண்டுக்கு மேல் போகாது. ஆக, ஒரு வருஷத்துக்குள் சீட்டுப் பணமோ முதிரும் டெபாசிட்டோ நிச்சயம் வரும் என்றால் நகைக்கடன் அருமையான வழி. வருகிற வழி தெரியாமல் வைத்தால், வருஷா வருஷம் வட்டியைக் கட்டித் திருப்பி வைப்பதே வேலையாகிவிடும், ஒரு ரூபாய் அசல் குறையாது. மாதத் தவணையாக அசலும் வட்டியும் கட்டும் நகைக்கடனும் இருக்கிறது; கேட்டால்தான் சொல்வார்கள்.

வருங்கால வைப்புநிதியிலிருந்தும் வீட்டு வேலைக்கு முன்பணம் எடுக்க வழி இருக்கிறது. திருப்பிக் கட்ட வேண்டாம் என்பதால் இலவசம்போலத் தோன்றும். 2024-25 ஆண்டுக்கு அந்த நிதி தந்த வட்டி 8.25%. எடுத்த பணம் ஓய்வுக்காலம் வரை அந்த வட்டியைக் கூட்டு வட்டியாக இழந்துகொண்டே இருக்கும் என்பதையும் விலையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாடியில் சோலார் போடுவது சீரமைப்புப் பட்டியலில் இருந்தால் அதைத் தனியே பிரித்துவிடுங்கள். மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் வரை அமைக்க அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியமும், ஈடு இல்லாத குறைந்த வட்டிக் கடனும் உண்டு. அதையும் 13% கடனில் சேர்த்துவிடுவது வீண்.

சின்ன வேலைக்கு வீட்டை அடமானம் வைப்பது ஏன் கட்டுபடியாகாது

தமிழ்நாட்டில் பத்திரத்தை ஒப்படைத்து வாங்கும் கடனுக்கு, பேச்சுவழக்கில் எம்ஓடி எனப்படும் ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். முத்திரைத்தீர்வை கடன் தொகையில் 0.5%, உச்சம் 30,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1%, உச்சம் 6,000 ரூபாய். 2 லட்சம் கடனுக்கு 3,000; 5 லட்சத்துக்கு 7,500; 10 லட்சத்துக்கு 11,000. இதற்கு மேல் வழக்கறிஞரின் சட்டக் கருத்து, மதிப்பீட்டாளர் கட்டணம், வங்கியின் பரிசீலனைக் கட்டணம், அதன் மீது 18% ஜிஎஸ்டி.

இப்போது 2 லட்சம், 3 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். 13% தனிநபர் கடனில் மொத்த வட்டி சுமார் 42,600. 9% அடமானக் கடனில் 28,960. மிச்சம் 13,640 ரூபாய். எம்ஓடி, சட்டக் கருத்து, மதிப்பீடு, வில்லங்கச் சான்று, பிறகு கடன் முடிந்ததும் எம்ஓடி ரத்து என்று கூட்டிப் பார்த்தால் அந்த மிச்சத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். வீட்டுப் பத்திரம் மூன்று வருஷம் வெளியே இருப்பதுதான் பலன். 5 லட்சத்துக்கு மேல், 5 ஆண்டுக்கு மேல் என்றால் தராசு அடமானக் கடன் பக்கம் சாயும். இரண்டு மூன்று லட்சம் வரை எங்கள் பரிந்துரை டாப்-அப், அது இல்லையென்றால் நகை அல்லது தனிநபர் கடன்.

வீட்டை ஈடு வைத்தால் ஆபத்தின் அளவும் மாறுகிறது. தவணை 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடன் ஆகும். அதன் பிறகு 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலே சொத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கையைத் தொடங்க, 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் வங்கிக்கு அதிகாரம் தருகிறது. சமையலறை டைல்ஸுக்காக இந்த ஆபத்து தேவையா என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

விகிதத்துக்குள் ஒளிந்திருப்பவை

'ஃபிளாட் ரேட் 10 சதவீதம்தான்' என்று யாராவது சொன்னால் உஷாராகுங்கள். 3 லட்சம், 3 ஆண்டு, ஃபிளாட் 10% என்றால் வட்டி 90,000, தவணை 10,833. மாதாமாதம் அசல் குறைந்தாலும் வட்டி முழு 3 லட்சத்துக்கே போடப்படுகிறது. குறையும் நிலுவை முறையில் இது ஏறத்தாழ 17.9% வட்டிக்குச் சமம். ஊரில் 'ரெண்டு வட்டி' என்பது நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், ஆண்டுக்கு 24%. எந்த மொழியில் சொன்னாலும் ஆண்டு வட்டியாக, குறையும் நிலுவையில் மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

அடுத்தது பிடித்தம். 3 லட்சம் தனிநபர் கடன், 12% வட்டி, 3 ஆண்டு; தவணை 9,964. பரிசீலனைக் கட்டணம் 2%, ஜிஎஸ்டியோடு 7,080. கூடவே ஒரு காப்பீடு 6,000. கையில் வருவது 2,86,920. தவணையோ முழு 3 லட்சத்துக்கு. உண்மையான ஆண்டு விகிதம் 15.1% அளவுக்குப் போய்விடுகிறது.

இந்தக் கணக்கை நீங்களே போட வேண்டாம். 2024 அக்டோபர் 1 முதல், தனிநபருக்குத் தரும் புதிய தவணைக் கடன்களில் 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' என்னும் தாளைக் கையெழுத்துக்கு முன் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கட்டணங்கள், காப்பீடு எல்லாம் சேர்த்த ஆண்டு விகிதம் ஏபிஆர் என்ற பெயரில் அதில் இருக்கும். வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்றும் விதி சொல்கிறது, தமிழில் கேளுங்கள். யோசித்து முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு. 'இன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் இந்த வட்டி' என்பவரிடம் இதை நினைவூட்டலாம். இரண்டு மூன்று இடத்துத் தாள்களை அருகருகே வைத்து மூன்றே எண்களைப் பாருங்கள்: ஏபிஆர், கட்டப்போகும் மொத்தத் தொகை, முன்கூட்டி முடித்தால் கட்டணம். காப்பீடு வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதிக் கேளுங்கள். பிரீமியத்தைக் கடனோடு சேர்த்துவிட்டால் அதற்கும் வட்டி கட்டுவீர்கள்.

வட்டி மாறும் கடனில், விகிதம் ஏறினால் வங்கி தவணையை அப்படியே வைத்துக் காலத்தை நீட்டிவிடும் பழக்கம் இருக்கிறது. தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை வாங்கியவருக்குத் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. முடிந்தால் தவணையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒரே வாரத்தில் ஏழெட்டு செயலிகளில் விண்ணப்பித்துப் பார்ப்பதும் வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும் கடன் அறிக்கையில் விசாரணையாகப் பதிவாகி உங்கள் கடன் மதிப்பெண்ணை (கிரெடிட் ஸ்கோர்) குறைக்கும். உங்கள் அறிக்கையை நீங்களே பார்ப்பதால் குறையாது. சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை அதை இலவசமாகத் தர வேண்டும். முடித்த பழைய கடன் இன்னும் நிலுவையில் இருப்பதாகக் காட்டினால் முதலில் அதைத் திருத்துங்கள்.

வரிச்சலுகையை நம்பி எடுக்காதீர்கள்

'வீட்டுக்கடன்தானே, 2 லட்சம் வரை வட்டிக் கழிவு உண்டு' என்று விற்பவர் சொல்வார். அந்த 2 லட்சம் வீடு வாங்கவும் கட்டவும் எடுத்த கடனுக்கு. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் எடுத்த கடனுக்கு வட்டிக் கழிவு ஆண்டுக்கு 30,000 ரூபாய்தான். அதுவும் அந்த 2 லட்சத்துக்குள்ளேயே அடங்கும், பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும். குடியேறிய வீட்டின் சீரமைப்புக்கு எடுத்த கடனில், அசலுக்குக் கழிவு கிடையாது. வாடகைக்கு விட்ட வீட்டுக்கு 30,000 வரம்பு பொருந்தாது. எதுவானாலும் பணம் வீட்டு வேலைக்குப் போனதற்கான பில்களையும் வங்கியின் வட்டிச் சான்றையும் எடுத்து வையுங்கள்.

கடன் முடிந்த பிறகு

கடைசித் தவணை கட்டியதும் நிலுவை இல்லை என்ற கடிதத்தை வாங்குங்கள். அசல் ஆவணங்களை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள விதி. கொடுத்தபோது வாங்கிய ஆவணப் பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்குங்கள்; தாய்ப்பத்திரம் ஒன்று விட்டுப்போனாலும் பின்னால் விற்கும்போது தெரியும். பலர் இத்தோடு நின்றுவிடுகிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த எம்ஓடி தானாக நீங்காது. வங்கி அலுவலரோடு ரத்து ரசீதைப் பதிவுசெய்து, சில நாள் கழித்து இணையத்தில் புதிதாக வில்லங்கச் சான்று எடுத்து, அந்த ரசீதுப் பதிவு அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.